காயலான் கடைக்காரர் வாங்காத பேட்டரி

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா என்று வீட்டில் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒரு மாமா ஆரம்பித்துவிடுவார்: "எட்டு வருஷம் கழிச்சு அந்த பேட்டரியை என்ன பண்ணுவே? குப்பைதான்." கொஞ்சம் படித்த மாமா என்றால் ஒரு கணக்கும் வைத்திருப்பார். லித்தியம் பேட்டரிகளில் ஐந்து சதவீதம்தான் மறுசுழற்சி ஆகிறதாம்.

அந்த ஐந்து சதவீதம் எங்கிருந்து வந்தது? 2010 வாக்கில் ஐரோப்பாவில் எவ்வளவு பேட்டரி சேகரித்தார்கள் என்பதைப் பற்றிய மதிப்பீடு அது. கட்டுரைக்குக் கட்டுரை தாவி உலகக் கணக்காகிவிட்டது. பேட்டரி மறுசுழற்சியை ஆராயும் ஸ்வீடன்காரர் ஹான்ஸ் எரிக் மெலின் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2018இல் மட்டும் சுமார் 97,000 டன் மறுசுழற்சிக்குப் போயிருக்கிறது. அதில் 67,000 டன் சீனாவில், 18,000 டன் தென்கொரியாவில். ஐரோப்பியக் குப்பைத்தொட்டியில் தேடியவர்களுக்குக் கிடைக்காததில் ஆச்சரியமில்லை, சரக்கு கப்பலேறியிருந்தது.

'செத்த பேட்டரி' என்ற பேச்சும் இதே ரகம்தான். என் பழைய லேப்டாப்பின் பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. ரிச்சி தெருவில் ஒரு தம்பி அதன் பிளாஸ்டிக் கூட்டைப் பிளந்தார். உள்ளே விரல் தடிமனில் ஆறு செல், இரண்டிரண்டாக மூன்று ஜோடி. மல்டிமீட்டர் முள்ளை வைத்தார். முதல் ஜோடி 3.8 வோல்ட், அடுத்ததும் அப்படியே, மூன்றாவது 1.6. "இந்த ரெண்டுதான் சார் போச்சு. மத்த நாலும் ஓடும்." ஒரு ஜோடி படுத்ததும் உள்ளிருக்கும் சர்க்யூட் மொத்தத்தையும் நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். (அந்த இரண்டையும் சார்ஜ் ஏற்றிப் பிழைக்கவைக்கப் பார்க்காதீர்கள். அவ்வளவு கீழே இறங்கிய செல்லுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.) வண்டி பேட்டரியும் முழுதாகச் செத்துவிடுவதில்லை. வண்டியை இழுக்கச் சக்தி போதாவிட்டாலும், ஓரிடத்தில் உட்கார்ந்து மின்சாரம் சேமிக்கப் போதும். ஆம்ஸ்டர்டாமின் யோகன் கிரைஃப் கால்பந்து அரங்கில் 2018 முதல் நிசான் லீஃப் காரின் பேட்டரிகள், பழையதும் புதியதுமாக, அந்த வேலையைத்தான் செய்கின்றன.

அதுவும் முடிந்தபின்? செல்லில் கிழடு தட்டுவது உள்கட்டமைப்பு, உலோகம் அல்ல. பத்து வருஷம் ஓடினாலும் கோபால்ட் கோபால்ட்தான். செல்லை அரைத்தால் கறுப்புத் தூள் கிடைக்கிறது. அதை அமிலத்தில் கரைத்து நிக்கல், கோபால்ட், லித்தியம் என்று பிரித்தெடுக்கிறார்கள். உலைகளில் உருக்கும் பழைய முறையில் லித்தியம் கசடோடு போய்விடும் என்பது உண்மை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், 2031 முடிவுக்குள் லித்தியத்தில் 80 சதவீதத்தை மீட்டாக வேண்டும் என்கிறது. முடியாத காரியத்துக்கு யாரும் தேதி குறிப்பதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரி பழசானால் நாம் தெருவில் எறிவதில்லை. கடைக்காரர் அதை எடைபோட்டு, புதியதன் விலையில் கழித்துக்கொள்கிறார். அதிலுள்ள ஈயம் நஞ்சு; ஊருக்கு வெளியே கொட்டகைகளில் அதை உருக்கும் அழகைப் பார்த்தால் யாரும் பெருமைப்பட மாட்டார்கள். ஆனாலும் அது திரும்பிப் போகிறது, ஏனென்றால் வாங்க ஆள் இருக்கிறது. லித்தியத்துக்கு அந்த ஆள் நம் தெருவுக்கு வரவில்லை. பேட்டரியை விற்ற நிறுவனமே பழையதைத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று இந்தியாவில் 2022இலேயே விதி வந்துவிட்டது. வண்டி வாங்கும்போது ஷோரூமில் யாராவது அதைச் சொன்னார்களா?

மாமாவுக்கு ஒரு புள்ளி விட்டுக்கொடுக்கிறேன். இப்போது பல வண்டிகளில் வரும் இரும்பு-பாஸ்பேட் பேட்டரியில் நிக்கலும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. அதைப் பிரித்தால் கையில் வரும் காசு குறைவு. சந்தை தானாக ஓடிவந்து வாங்காது. அங்கேதான் விதியைக் கறாராகப் பிடிக்க வேண்டும். ஆனால் லாபம் குறைவு என்பது ஒன்று, முடியாது என்பது வேறு.

ரிச்சி தெருத் தம்பி நல்ல செல் நான்கையும் அவரே எடுத்துக்கொண்டு எனக்கு ஒரு தொகை கொடுத்தார். மற்ற இரண்டின் முனைகளிலும் டேப் ஒட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் தெருக் காயலான் கடைக்காரர் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் ரேட் இல்ல சார்" என்றார். இரண்டும் இன்னும் பால்கனியில் ஒரு மண்சட்டியில் கிடக்கின்றன.