மூன்று சென்சர் மாற்றியும் ஓடாத மண்வாரி

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். பால்மரம் போய் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய், வீடு கட்ட நிலத்தைச் சமன்படுத்துகிறார்கள். அங்கே வேலை செய்த மண்வாரி இயந்திரம் இரண்டு நாளாக வேகம் எடுக்க மறுக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், ஓட்டுநர் முன்னால் உள்ள திரையில் 110 என்று ஓர் எண், அதன் பக்கத்தில் 3.

110 என்றால் எஞ்சின் குளிர்நீரின் வெப்பநிலை. ஆகவே சென்சர் போய்விட்டது என்று முடிவு செய்து, அங்கிருந்த இளம் மெக்கானிக் புதிதாக ஒன்றை மாட்டியிருக்கிறார். எண் போகவில்லை. மட்டமான சாமானோ என்று இன்னொன்று மாட்டினார். பிறகு அசல் சாமானே வாங்கி மூன்றாவதும் மாட்டினார். எண் அசையவில்லை.

அந்தத் தம்பி சோம்பேறி இல்லை. எஸ்.பி.எம். முடித்த கையோடு பட்டறையில் சேர்ந்தவர், கொதிக்கும் எஞ்சினுக்குள் கையை விடத் தயங்காதவர். 110-ஐப் படித்தவர் பக்கத்தில் இருந்த 3-ஐப் படிக்கவில்லை, அவ்வளவுதான். அதைப் படிக்க யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

கனரக இயந்திரங்கள் பலவும் பின்பற்றும் ஜே1939 என்ற விதிமுறையில், ஒரு பழுதுக்கு இரண்டு எண்கள் உண்டு. முதல் எண் எந்த இடம் என்று சொல்லும். இரண்டாவது எண் அங்கே என்ன நடந்தது என்று சொல்லும். 3 என்றால் மின்னழுத்தம் இருக்க வேண்டியதைவிட அதிகம், 4 என்றால் குறைவு. 5 வந்தால் மின்னோட்டம் குறைவு அல்லது சுற்று அறுந்திருக்கிறது, 6 வந்தால் மின்னோட்டம் அதிகம். இந்த நான்கில் எதுவும் ‘சென்சரை மாற்று’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

குளிர்நீர் சென்சருக்குப் பெரும்பாலும் இரண்டே ஒயர்கள்தான். கட்டுப்பாட்டுப் பெட்டி 5 வோல்ட்டை ஒரு மின்தடை வழியாக அனுப்புகிறது. சூடு ஏற ஏற சென்சரின் தடை குறையும், அதோடு அந்த ஒயரில் தெரியும் வோல்ட்டும் இறங்கும். ஒயர் எங்காவது அறுந்துபோனால் வோல்ட் இறங்க வழியில்லை, 5-லேயே நிற்கும். பெட்டி அதைப் பார்த்து 3 என்று எழுதும். ஒயரின் தோல் உரிந்து இயந்திரத்தின் உடம்பில் பட்டால் வோல்ட் சுழியத்துக்குப் போகும். அப்போது 4.

இது தெரிந்தால் சோதனை ஐந்து நிமிட வேலை. சென்சரின் இணைப்பியைக் கழற்றி, ஒயர் பக்கத்தில் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைக்க வேண்டும். திரையில் 3 மாறி 4 வந்தால் ஒயரும் பெட்டியும் நலம், சென்சர்தான் பழுது. மாறவில்லை என்றால் சென்சர்மேல் குற்றமில்லை. (மூன்று ஒயர் உள்ள சென்சரில் இதைக் கண்டபடி செய்யாதீர்கள். எந்த முனையோடு எதை இணைக்கலாம் என்று கையேட்டைப் பார்த்தபின் கை வையுங்கள்.) நான் இணைத்தேன், 3 மாறவில்லை. ஒயர்க் கட்டைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போனால், எஞ்சினுக்குப் பின்னால் ஒரு பிடிப்பானுக்கு அடியில் தோல் தேய்ந்து, செம்பு பச்சை பூத்து, ஒயர் அறுந்து கிடந்தது. பேராக்கின் மழையும் சகதியும் ஒயருக்கு நல்ல நண்பர்கள் அல்ல. செம்பனைக் காட்டு எலிகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

இந்தக் கதையில் எங்கேயாவது உங்களுக்குப் புரியாத கணக்கு வந்ததா? ஐந்தாம் படிவ இயற்பியலில் மின்சாரம் பாடத்தில் படித்ததுதான் இதெல்லாம். இன்னொன்று சொல்கிறேன். 1986-இல் போஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் முறையில், இயந்திரத்தின் பெட்டிகள் எல்லாம் முறுக்கிய இரண்டு ஒயர்கள் வழியாகவே பேசிக்கொள்கின்றன. அந்த ஒயர்களின் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால், மின்சாரத்தை அணைத்துவிட்டு மீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வரும் கணக்கு இது. அதே கணக்கு இங்கே பல லட்சம் ரிங்கிட் இயந்திரத்தை எழுப்புகிறது.

என் அப்பா மரம் வெட்டியவர். எங்கள் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இன்று ஒரு சுவர்கூட இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாங்கள் ஈப்போவுக்கும் சுற்றுவட்டார தாமான்களுக்கும் வந்தபோது, கையில் நிலமும் இல்லை, ஊரில் எடுபடும் தொழிலும் இல்லை. தோட்டத்தை வழித்தெடுத்த இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் பிள்ளைகள்தான் இன்று அவற்றை ஓட்டுகிறார்கள், கிரீஸ் அடிக்கிறார்கள், சாமான் மாட்டுகிறார்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் சாமான் மாட்டுபவருக்கு ஆள் மாற்று உடனே கிடைக்கும். பழுது எங்கே என்று காரணத்தோடு சொல்பவர் வரும்வரை வேலை நிற்கும். அந்த இரண்டாவது இடத்துக்கு நம் பிள்ளைகள் போகவேண்டும் என்பதே என் ஆசை. பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மீட்டர் பிடிக்கவும் வரைபடம் படிக்கவும் புஜபலம் தேவையில்லை.

‘எஸ்.பி.எம். சரியில்லை, அதனால் திவெட்’ என்று வீட்டில் பேசுவதை முதலில் நிறுத்த வேண்டும். நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969-இல் தொடங்கியது நம் ஈப்போவில்தான். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். மூன்று நிலைகள், அதற்குமேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா என்று மேலே போகப் படிக்கட்டு இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், கையெழுத்துப் போடும் முன் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ஓடுகிற இயந்திரம் இருக்கிறதா? மாணவர் கையில் மீட்டர் கொடுக்கிறார்களா, அல்லது வெண்பலகையில் படம் மட்டும் போடுகிறார்களா? மின்சுற்று வரைபடங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அதற்கும் இப்போதே தயாராகுங்கள்.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. தயாரிப்பாளரின் மென்பொருள் இல்லாமல் சில பெட்டிகளைத் திறக்கவே முடியாது, அது முகவர்களிடம் மட்டும்தான் இருக்கும் என்பார்கள். உண்மைதான், எனக்கும் அது எரிச்சல். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் விவசாயிகள் இதே குறையைச் சொல்லித்தான், விவசாய இயந்திரங்களைத் தாங்களே பழுதுபார்க்கும் உரிமைக்கு 2023-இல் சட்டம் வந்தது. நம் நாட்டிலும் இதைப் பற்றிப் பேச வேண்டும். ஆனால் அறுந்த ஒயருக்கு மென்பொருள் தேவையில்லை. நான் பார்த்த மின்பழுதுகளில் பெரும்பாலானவை ஒயரிலும் இணைப்பியிலும் பேட்டரி முனையிலும்தான் இருந்தன.

சுங்கை சிப்புட் தம்பி போன மாதம் அழைத்தார். வேறோர் இயந்திரம், திரை முழுக்க ஒரே நேரத்தில் ஏழெட்டு எண்களாம்.

“எதையாவது மாற்றினாயா தம்பி?” என்றேன்.

“இல்லண்ணே, இன்னும் ஒண்ணும் தொடல. மீட்டர் வச்சேன், 120 காட்டுது. ஒரு பக்கத்துத் தடை கழண்டிருக்கும், இல்லன்னா நடுவுல எங்கேயோ ஒயர் அறுந்திருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பிக்கட்டும்?”