மலை ரோட்டைக் காப்பது யார்?

ரோடு என்றால் மந்திரிகளுக்கு அது ஒரு திறப்பு விழா. காண்டிராக்டருக்கு அது ஒரு பில். எஸ்டேட் முதலாளிக்கு ஏலக்காய் மூட்டை இறங்கி வரும் வழி. ஆனால் பொட்டிப்புரம், தேவாரம், ராசிங்கபுரம், கோம்பை என்று மேற்கு மலையின் அடிவாரத்தில் வாழும் விவசாயத் தொழிலாளிக்கு ரோடு என்பது அன்றாடக் கூலி. ரோடு திறந்திருந்தால் அன்று அடுப்பு எரியும். மூடிக் கிடந்தால் எரியாது. ஆகவே மலை ரோட்டைப் பற்றிப் பேசுவது கூலியைப் பற்றிப் பேசுவதே ஆகும்.

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீர் பாய்கிறது, வயல் விளைகிறது. ஆனால் அந்த வயலில் ஒரு சென்ட் கூடச் சொந்தமில்லாத குடும்பங்கள் ஏராளம். அந்தக் குடும்பத்துப் பெண்களும் ஆண்களும் விடியுமுன் தூக்குவாளியோடு கிளம்பி, இடுக்கி ஜில்லாவின் ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஜீப்பில் அளவுக்கு மீறி அடைத்துத்தான் ஏற்றுகிறார்கள். வளைவில் ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தி வரும்போதெல்லாம் டிரைவர் மீது வழக்குப் போடுவதோடு காரியம் முடிந்துவிடுகிறது. ஜீப்பில் கழியும் நேரத்திற்குக் கூலி உண்டா? கிடையாது. மழையில் பாறை உருண்டு ரோடு அடைபட்டால் அன்றைய கூலியை யார் கொடுப்பது? யாரும் கொடுப்பதில்லை.

பாதைகள் எத்தனை? வடக்கே போடிமெட்டு, தெற்கே கம்பம்மெட்டு, அதற்கும் தெற்கே குமுளி. போடிமெட்டு ரோட்டில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். பலத்த மழை பெய்தால் புலியூத்துப் பக்கம் மண் சரிகிறது, போக்குவரத்து நிற்கிறது. தேவாரத்திற்கு மேலே சாக்குலூத்து மெட்டு இருக்கிறது. அதன் வழியே ரோடு போட்டால் சுற்று குறையும் என்று இந்தப் பக்கத்து விவசாயிகளும் தொழிலாளிகளும் வெகு காலமாகக் கேட்டு வருகிறார்கள். வனம் குறுக்கே நிற்கிறது என்பதே வெகு காலமாக வரும் பதில்.

முடியாது என்ற இந்தப் பதிலைப் பொட்டிப்புரத்து ஜனங்கள் சற்றே வியப்போடுதான் கேட்பார்கள். ஏனெனில், அவர்கள் ஊர் மலையில் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்திற்குச் சுரங்கம் குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்புக் கருவி வைத்து நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் திட்டத்திற்கு 2015ல் மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்தது. செலவு சுமார் 1,500 கோடி ரூபாய். சுற்றுவட்டார ஜனங்கள் எதிர்த்தார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்திற்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயிற்று. 2022ல் தமிழக சர்க்காரும் திட்டம் வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது. நாம் விஞ்ஞானத்திற்கு விரோதிகள் அல்ல. நாம் கேட்பது ஒன்றுதான். கடினமான பாறைக்குள் 2 கிலோமீட்டர் குடைய என்ஜினீயர் உண்டு, பணம் உண்டு, அனுமதி வாங்கித் தர ஆள் உண்டு. அதே மலைமேல் கூலிக்குப் போகிறவர்களுக்கும், மலையிலேயே வாழ்கிறவர்களுக்கும் ஒரு பாதை என்றால் மட்டும் இந்த மூன்றும் எங்கே மறைந்து போகின்றன?

இது புதிய கதையல்ல. இந்த மலைகளில் பாதை எப்போதும் சரக்கைத் தேடித்தான் வந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், 1902ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயில் ஓடத் தொடங்கியது. அது மூணாறுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டு வந்தது. அங்கிருந்து கம்பிவட ரோப்வேயில் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. தேயிலைப் பெட்டி கம்பியில் இறங்கியது. தேயிலை கிள்ளிய கூலி கால் நடையாக இறங்கினாள். 1924ம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. சரக்குக்கு வேறு வழி பிறந்தது. மனிதர்களுக்கு?

2018 மார்ச் 11ந் தேதி குரங்கணிக் காட்டில் தீப்பிடித்தது. மலையேற வந்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். தீயில் வெந்தவர்களை இருட்டில் போர்வையிலும் டோலியிலும் கிடத்திச் சுமந்து இறக்கியவர்களில் அந்த வட்டாரத்து ஏழை ஜனங்கள் முன்னால் நின்றார்கள். தேயிலைப் பெட்டி கம்பியில் இறங்கிய அதே மலைச்சரிவில், நூறு வருஷம் கழித்து, உயிருக்குப் போராடும் மனிதன் தோளில் இறங்குகிறான்! அகமலைப் பக்கம் சின்னூர், பெரியூர் போன்ற ஊர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளையும் எத்தனையோ முறை படித்திருக்கிறோம்.

சட்டத்தில் இடமில்லையா? இருக்கிறது. மத்திய சர்க்கார் 2000 டிசம்பரில் கிராம ரோடு திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சமவெளியில் 500 பேர் உள்ள குடியிருப்புக்கு ரோடு. மலை மாநிலங்களிலும் பழங்குடி அட்டவணைப் பகுதிகளிலும் 250 பேர் இருந்தாலே போதும் என்று விதி வகுத்தது. ஆனால் தமிழ்நாடு மலை மாநிலம் அல்ல. அட்டவணைப் பகுதியும் இங்கே கிடையாது. எனவே மேகம் தொடும் உயரத்தில் இருக்கும் நம் குக்கிராமமும் கணக்குப் புத்தகத்தில் சமவெளியாகி விடுகிறது! ஐம்பது வீடு உள்ள ஊர் 500 தலைக்கு எங்கே போகும்?

இன்னொரு சட்டம் உண்டு. இடதுசாரிகளும் ஆதிவாசி ஸ்தாபனங்களும் வற்புறுத்திப் போராடியதன் பலனாக வந்த 2006ம் வருஷத்து வன உரிமைச் சட்டம். வனத்தில் வாழும் ஜனங்களுக்கு ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி முதலிய வசதிகளைச் சர்க்கார் செய்து தருவதற்கு, கிராம சபையின் சிபாரிசின்பேரில், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்கலாம் என்று அதன் 3(2) பிரிவு சொல்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு பாதை என்றால் ஒரு ஹெக்டேருக்குள் மூன்று கிலோமீட்டர் தூரம் போடலாம். காடும் நிற்கும், மனிதனும் வாழ்வான். வேண்டியது மனசு.

ஆனால் தோழர்களே, ரோடு போட்டால் மட்டும் போதாது. இதைத்தான் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். மலை ரோட்டைக் கொல்வது வண்டியல்ல, தண்ணீர். மலைப்பக்கம் உள்ள வாய்க்காலில் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ரோட்டின் மேல் ஏறுகிறது. ஏறிய தண்ணீர் பள்ளத்துப் பக்கம் விளிம்பை அரிக்கிறது. ஒரு ஐப்பசி மழையில் விளிம்பு போகும். அடுத்த ஐப்பசியில் தடுப்புச்சுவர் போகும். பிறகு ரோடே போகும். ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, மழைக்கு முன் இரண்டு நாள் வேலை: இது நடந்திருந்தால் கோடி ரூபாய்ச் சுவர் விழுந்திராது. விழுந்தால் யாருக்கு லாபம்? மறுபடி டெண்டர் விடுகிறவனுக்கும் எடுக்கிறவனுக்கும்.

நேபாளத்தைப் பாருங்கள். நம்மைவிட ஏழை நாடு, மலையே நாடு. அங்கே சில ஜில்லாக்களில் கிராமத்துத் தொழிலாளிகளைக் கொண்டே, வெடி வைக்காமல், வருஷத்திற்குக் கொஞ்சமாக அகலப்படுத்திக்கொண்டே ரோடு போட்டார்கள். முதலில் ஒற்றையடிப் பாதை. ஒரு மழைக்காலம் அதன்மேல் போகட்டும், மலை அமரட்டும். பிறகு அடுத்த அகலம். சரிவில் புல்லும் செடியும் நட்டு மண்ணைப் பிடித்தார்கள். கூலி கிராமத்திலேயே தங்கியது. பின்னர் அதே நாட்டில் புல்டோசரை வைத்து அவசரமாக மலையைச் சீவியும் பல ரோடுகள் போட்டார்கள். வாய்க்கால் இல்லை, சுவர் இல்லை. மழை வந்தது, மலை சரிந்தது, கீழே இருந்த வீடுகளுக்கும் வயல்களுக்கும் ஆபத்து வந்தது. இயந்திரம் குற்றவாளி அல்ல. லாப அவசரத்தில் இயந்திரத்தை ஓட்டுகிறவனே குற்றவாளி.

இங்கே நம் சர்க்கார்கள் செய்தது என்ன? 1997ல் தமிழ்நாட்டு நெடுஞ்சாலைத் துறையில் சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். 2002ல் அத்தனை பேரையும் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 41 மாதங்கள் அவர்கள் தெருவில் நின்றார்கள். ரோட்டோர வாய்க்காலை வாரியவர்கள் கஞ்சிக்கு வழியின்றித் தவித்தார்கள். போராடித்தான் 2006ல் மீண்டும் வேலைக்கு வந்தார்கள். அந்த 41 மாதங்களைப் பணிக்காலமாகச் சேர்க்க வேண்டும் என்பதற்காக மேலும் பல வருஷங்கள் போராட வேண்டியிருந்தது. இதற்கிடையே பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி, ரோட்டுப் பராமரிப்பையே மொத்தமாகத் தனியாருக்கு விடும் முறையும் வந்து சேர்ந்தது. மழை ராத்திரியில் பாறை விழுந்த இடத்திற்கு லாந்தரோடு ஓடுகிறவன் அந்த ரோட்டிலேயே வாழும் தொழிலாளி. காண்டிராக்டர் ஆபீஸ் மதுரையிலோ சென்னையிலோ தூங்கும்.

ஆலைத் தொழிலாளத் தோழர்களே! இது மலையடிவாரத்து விவகாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். ஷிப்ட்டுக்குப் போக நீங்கள் வண்டியில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் ரோட்டுக்கென்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அந்தப் பணம் உங்கள் வேர்வை. அது சுங்கச்சாவடிச் சாலைகளுக்கு மட்டும் பாய்வதா, சாக்குலூத்துச் சரிவுக்கும் அகமலைக்கும் கொஞ்சம் வருவதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அண்ணன் ஆலையில், தங்கை ஏலத் தோட்டத்தில் என்று எத்தனை குடும்பங்கள் நம்மில் இல்லை?

நமது கோரிக்கைகள் தெளிவானவை.

1. சாக்குலூத்து மெட்டுப் பாதையைக் காட்டுக்கு அதிகச் சேதமில்லாமல் போட முடியுமா என்று பகிரங்கமாக சர்வே செய்து, அறிக்கையைக் கிராம சபைகளின் முன் வைக்க வேண்டும்.

2. மலைக் குடியிருப்புகளுக்கு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவுப்படி பாதை போட வேண்டும். தலை எண்ணிக்கையைக் காட்டித் தட்டிக் கழிக்கக்கூடாது.

3. ஒவ்வொரு மலை ரோட்டுக்கும் அந்தந்த ஊர் ஆண், பெண் தொழிலாளிகளையே நிரந்தரமாக, சம கூலிக்கு நியமிக்க வேண்டும்.

4. கிராம ரோடு திட்டத்தில் ரோடு போட்ட காண்டிராக்டர் ஐந்து வருஷம் பராமரிக்கக் கட்டுப்பட்டவர். பராமரித்தாரா என்று கிராம சபை பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பணம் பட்டுவாடா செய்ய வேண்டும்.

5. மண்சரிவால் ரோடு அடைபடும் நாளுக்கு எஸ்டேட் முதலாளிகள் கூலி கொடுக்க வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். தெரியாதவர் கைநாட்டு வைக்கட்டும். மலையை வெட்டிப் பாதை போட்டது நம் கைகள். அந்தப் பாதையைக் காக்கும் வேலையும், அது யாருக்காகப் போக வேண்டும் என்று சொல்லும் அதிகாரமும் நம் கைக்கே வர வேண்டும். அதற்கு ஒன்றுபட்டுப் போராடுவோம்!