வெட்டிக்கு ஒரு விசா

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று ஒரு சொல் அடிக்கடி வருகிறது. கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய உழைப்புக்கு அந்தப் பெயர். ராஜாக்கள் போனார்கள், அவர்களோடு வெட்டியும் போயிற்று, பேச்சு வழக்கில் 'வெட்டி வேலை' என்ற வசைதான் மிச்சம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போகவில்லை, ஐயா, போகவில்லை! அது ஆகாய விமானம் ஏறி அமெரிக்காவுக்குப் போய், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, 'ஆராய்ச்சி அனுபவம்' என்ற புதுப் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் வெட்டிக்கு ஆளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்தக் காலத்தில் நம் பிள்ளைகள் கடன் வாங்கிக்கொண்டு தாங்களே போகிறார்கள்.

ஆவடிக்கு அடுத்த வெள்ளானூரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளானூர் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அம்பத்தூர் என்று வைத்துக்கொண்டாலும், பூந்தமல்லி என்று வைத்துக்கொண்டாலும் கதை ஒன்றுதான். சுற்று வட்டாரமெங்கும் இஞ்சினீயரிங் கல்லூரிகள். தகப்பனார் தொழிற்சாலையில் ஓடாய்த் தேய்ந்து ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறார். மகன் பட்டம் வாங்கிவிட்டான். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜெண்டு வந்து சொல்கிறார்: "இரண்டு வருஷம் எம்.எஸ். படிப்பு, ஸார்! அப்புறம் மூன்று வருஷம் உத்தியோகம். அந்தத் தேசத்துச் சர்க்காரே கொடுக்கிறது!" மறு மாதம் மனைப் பத்திரம் பாங்கிக்குப் போய்விடுகிறது.

சர்க்கார் கொடுப்பது உத்தியோகம் அல்ல. உத்தியோகம் பார்க்கலாம் என்ற அனுமதி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தத் தகப்பனாருக்கு ஒருவரும் சொல்வதில்லை. முகூர்த்த நாளைக் குறித்துக் கொடுத்துவிட்டு, "பெண்ணை நீயே தேடிக்கொள், தொண்ணூறு நாளில் கிடைக்காவிட்டால் ஊரை விட்டுப் போ" என்று சொன்னால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருக்கிறது இந்தச் சங்கதி.

விவரம் இதுதான். ஓ.பி.டி. என்று மூன்றெழுத்தில் சொல்லப்படும் செய்முறைப் பயிற்சி அனுமதி, 1992ஆம் வருஷத்து விதிப்படி 12 மாதத்துக்குக் கிடைப்பது. விஞ்ஞானம், இஞ்சினீயரிங் படித்தவர்களுக்கு 2008இல் மேலும் 17 மாதம் கூட்டினார்கள். 2016இல் அந்த 17 மாதத்தை 24 ஆக்கினார்கள். ஆக 36 மாதம். ஏஜெண்டு சொல்லும் மூன்று வருஷக் கணக்கு இதுதான். ஆனால் பின்னால் வரும் 24 மாதம் சும்மா வராது. சம்பளம் கொடுக்கும் முதலாளி ஏற்கனவே கையில் இருக்க வேண்டும். அவர் ஈ-வெரிஃபை என்னும் அரசாங்கப் பதிவில் சேர்ந்திருக்க வேண்டும். பயிற்சித் திட்டம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதல் 12 மாதத்திலோ, வேலையில்லாமல் இருக்கும் நாட்கள் மொத்தம் தொண்ணூறைத் தாண்டக் கூடாது. அனுமதி அட்டையில் போட்ட தேதியிலிருந்து எண்ணிக்கை தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேர்த்திதான்.

இந்த அவசரத்தில் ஆராய்ச்சி வேலை தேடும் பையனின் கதி என்ன? ஆராய்ச்சிக் கூடத்தில் சம்பளம் என்பது பெரும்பாலும் பேராசிரியர் வாங்கும் மானியத்திலிருந்து வருவது. மானியம் உண்டானால் பதவி உண்டு. தீர்ந்தால் பதவியும் தீர்ந்தது. 2025இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் மானியங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தாயின. சிலவற்றைக் கோர்ட்டு மீட்டுக் கொடுத்தது. ராணுவ ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் குடியுரிமை கேட்கிறார்கள். மிஞ்சியிருப்பது சர்வகலாசாலை. பையன் நூறு பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதுகிறான். பலர் பதில் போடுவதில்லை. பதில் போடும் ஒருவர் மிகுந்த அன்போடு எழுதுகிறார்: "உன் தகுதி மெச்சத்தக்கது. என்னிடம் பணம் இல்லை. இஷ்டமானால் வாலண்டியராக வரலாம்."

இங்கேதான் வெட்டி உள்ளே நுழைகிறது. முதல் 12 மாதத்தில், தொழிலாளர் சட்டத்துக்கு விரோதமில்லாத வரையில், வாரம் இருபது மணி நேரம் சம்பளமில்லாமல் உழைத்தாலும் அது வேலை என்று கணக்கில் எழுதிக்கொள்வார்கள். தொண்ணூறு நாள் கடிகாரம் நின்றுவிடும். கடிகாரம் நிற்கும்; வயிறு நிற்குமா? இந்த அனுமதியில் பார்க்கும் வேலை படித்த படிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆகவே ஓட்டலில் கூலிக்குத் தட்டுக் கழுவினால் அது குற்றம்! கூலியில்லாமல் ஆய்வுக் கூடத்தில் சோதனைக் குழாய் கழுவினால் அது பயிற்சி! பையனுக்குச் சாப்பாடு போடுவது யார்? வெள்ளானூர் மனை போடுகிறது. பணக்காரத் தேசத்தின் விஞ்ஞானத்துக்கு ஆவடித் தொழிலாளி மானியம் கொடுக்கிறார்!

"அவனை யார் கட்டாயப்படுத்தினார்கள்? இஷ்டப்பட்டுத்தானே போனான்?" என்று கேட்கும் புத்திசாலிகள் உண்டு. அவர்களுக்கு நம் சுப்ரீம் கோர்ட்டே பதில் சொல்லியிருக்கிறது. நம் அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு வெட்டி வேலையைத் தடை செய்கிறது. டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982இல், நீதிபதி பகவதி அந்தப் பிரிவுக்குப் பொருள் சொன்னார்: சாட்டை பிடித்து அடித்தால்தான் கட்டாயம் என்பதில்லை, பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் ஒருவனைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க வைத்தால் அதுவும் கட்டாயமே. நம் கோர்ட்டுத் தீர்ப்பு அமெரிக்காவில் செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். நியாயம் எந்தத் தேசத்தில் செல்லாது? கழுத்தில் கடனையும் கையில் கடிகாரத்தையும் கட்டிவிட்டு, "இஷ்டம் உன்னுடையது" என்றால் அதற்குப் பெயர் இஷ்டமா?

"அனுபவம் கிடைக்கிறதே, அது சம்பளத்துக்குச் சமம் அல்லவா?" என்பது அடுத்த கட்சி. அனுபவத்தைக் கொடுத்தால் மளிகைக் கடையில் அரிசி அளப்பார்களா? அமெரிக்கச் சர்க்காரே இந்தக் கட்சியை ஏற்கவில்லையே! பின்னால் வரும் 24 மாதத்தில் சம்பளமில்லாத வேலை செல்லாது. அதே வேலை பார்க்கும் அமெரிக்கருக்குக் கொடுப்பதற்கு ஒப்பாகக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் வருஷத்து விதி சொல்கிறது. பதின்மூன்றாம் மாதத்தில் அநியாயமாகத் தோன்றுவது முதல் மாதத்தில் எப்படி நியாயமாயிற்று?

எல்லாப் பேராசிரியர்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. முறையாகச் சம்பளம் கொடுத்து, விசாவுக்கும் மனுப் போட்டுக் கொடுக்கும் நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். எச்-1பி விசாவுக்கு ஒரு வருஷத்துக்கு 85,000 என்ற உச்சவரம்பும் சீட்டுக் குலுக்கலும் சர்வகலாசாலைகளுக்குக் கிடையாது. 2000ஆம் வருஷத்துச் சட்டம் அவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. இந்த வாசல் ஒன்று திறந்திருப்பதால்தான் பையன் சம்பளமில்லாமலும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறான். அந்த ஆசையை வைத்து வேலை வாங்குவதுதான் பாவம். அப்படி வேலை வாங்குகிறவர்களில் நம்மவரும் உண்டானால், அவர்களைத்தான் நான் முதலில் கேட்பேன். நீங்களும் ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் இறங்கியவர்கள் அல்லவா? மானியம் இல்லையென்றால் 'இடமில்லை' என்று எழுதுங்கள். 'வாலண்டியர்' என்று எழுதாதீர்கள்.

"அப்படியானால் இங்கேயே ஆராய்ச்சி செய்யட்டுமே!" என்று தேசபக்தர்கள் சொல்வார்கள். செய்யலாம். வெள்ளானூருக்குப் பக்கத்து ஆவடியிலேயே அர்ஜுன் டாங்கியை உருவாக்கிய ராணுவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் நாடு முழுவதும் எத்தனை இடம் வைத்திருக்கிறோம்? 2020-21ஆம் வருஷக் கணக்குப்படி, நாம் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது தேசிய உற்பத்தியில் 0.64 சதவீதம், அமெரிக்கா செலவிடுவது மூன்று சதவீதத்துக்கும் மேலே. உதவித் தொகையை உயர்த்தச் சொல்லி நம் ஆராய்ச்சி மாணவர்கள் 2019 ஜனவரியில் டில்லித் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் என்று 2023இல்தான் ஆயிற்று. பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று குறை சொல்லும் யோக்கியதை நமக்கு எங்கே இருக்கிறது?

2023-24ஆம் கல்வியாண்டில் இந்த அனுமதியின் கீழ் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 97,556 பேர். ஆகையால் இது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் துரதிருஷ்டம் அல்ல. நம் கல்லூரிகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 'எங்கள் மாணவர்கள் இத்தனை பேர் அமெரிக்கா போனார்கள்' என்று போட்டோவோடு விளம்பரம் செய்கிறீர்களே, அவர்களில் எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதையும் போடுங்கள். ஏஜெண்டுகள், அனுமதி வேறு உத்தியோகம் வேறு என்று எழுத்தில் கொடுத்த பிறகு கமிஷன் வாங்கட்டும்.

பையன்களுக்குச் சொல்வது வேறு. படிப்பு முடியும் வரை காத்திராதீர்கள். உங்கள் வேலையைப் பார்த்திருக்கும் பேராசிரியரிடம் ஆறு மாதம் முன்னாலேயே கேளுங்கள். மானியம் எதுவரை இருக்கிறது, சம்பளம் எவ்வளவு, ஈ-வெரிஃபையில் பதிவு உண்டா என்ற மூன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். சம்பளம் கேட்பது மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் தகப்பனார் தொழிற்சாலையில் ஒரு நாளாவது சும்மா உழைத்தாரா? உழைக்கச் சொன்னால் சங்கத்தைக் கூட்டியிருப்பார்.