எஃகும் சிரிப்பும் தோட்டமும்

நாள்பட்ட நோயோடு வாழ்வதைப் பற்றி நம்மிடம் புழங்கும் கதைகள் பெரும்பாலும் இரண்டே வகைதாம். ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு வலியை வென்ற வீரனின் கதை. மற்றது, மருத்துவம் கைவிட்ட பின்னர் அற்புதம்போல் எழுந்து நடந்தவனின் கதை. இரண்டையும் விரும்பிப் படித்தவன் நான். ஆயினும் முதுகெலும்பு அழற்சி நோய் ஒன்றோடு பல ஆண்டுகளாக வாழ்ந்து வருபவன் என்ற முறையில், இவ்விரு கதைகளும் நோயாளிக்கு நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்கின்றன என்று கருதுகிறேன்.

அந்நோயின் பெயர் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். நம் ஊரில் கழுத்துவலிக்காரர்கள் பலரும் தமக்கு ‘ஸ்பாண்டிலைட்டிஸ்’ என்று சொல்லிக்கொள்வதுண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது ஸ்பாண்டிலோசிஸ், அதாவது எலும்புத் தேய்மானம். நான் சொல்வது ஏறக்குறைய அதற்கு நேரெதிரானது. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் மூட்டுகளையே பகையாகக் கருதித் தாக்குகிறது. இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேருமிடத்தில் பெரும்பாலும் அழற்சி தொடங்குகிறது. அழற்சி கண்ட இடங்களில் நாளடைவில் புதிய எலும்பு வளர்கிறது. சிலருக்குப் பல ஆண்டுகளில் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து, முதுகு மூங்கில் கழிபோல் விறைத்துவிடும். முதுமையின் நோயன்று இது. பெரும்பாலும் இருபதுகளில் தொடங்கும். 45 வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றுவது அரிது.

இதன் குணம் விசித்திரமானது. ஓய்வெடுத்தால் மிகும், நடமாடினால் தணியும். பின்னிரவில் வலி வந்து எழுப்பும். விடிந்த பின் அரைமணி நேரத்துக்கு மேல் உடல் மரக்கட்டையாகக் கிடக்கும். அதே மனிதன் பகல் பதினொரு மணிக்கு அலுவலகத்தில் இயல்பாக உலவிக்கொண்டிருப்பான். காலையில் அவனைக் கண்டவர்கள் சோம்பேறி என்பார்கள். பகலில் கண்டவர்கள் நடிக்கிறான் என்பார்கள். வீட்டுப் பெரியவர்களோ வாய்வுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்து, நாலு நாள் அசையாமல் படுத்திரு என்பார்கள். அன்பினால் சொல்லப்படுவதுதான், ஆனால் இந்த ஒரு நோய்க்கு அதைவிடப் பொருந்தாத அறிவுரை வேறில்லை. முதல் வலிக்கும் நோயின் பெயர் தெரியவரும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் பல நாட்டு ஆய்வுகளில் சராசரியாக ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறது. இது ஆண்களின் நோய் என்று நெடுங்காலம் நம்பப்பட்டதால் பெண்களுக்கு இன்னும் தாமதமாகிறது.

இப்போது எழுத்தாளர்களிடம் வருவோம். ‘வீரம் விளைந்தது’ என்ற பெயரில் தமிழ் வாசகர்கள் பலரும் கைமாற்றிப் படித்த நாவலின் ஆசிரியர் நிக்கொலாய் ஒஸ்திரோவ்ஸ்கி. அவருக்கு வந்தது இந்நோயே என்று பொதுவாகக் கூறப்படுகிறது. உடல் அசைவிழந்து, கண்பார்வையும் போன நிலையில், வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடாதபடி பிளவுகள் வெட்டிய அட்டையைத் தாளின்மேல் வைத்து எழுதினார். கை ஓய்ந்த பின் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். 1936-இல் தம் 32-ஆம் வயதில் மறைந்தார். அந்த மனிதரின் முன் தலைவணங்காமல் இருக்க முடியாது.

ஆனால் அவர் காலத்தில் இந்நோய்க்கு உகந்த மருந்து எதுவும் இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். வேறு வழியற்றவரின் மனவுறுதியை, வழி இருப்பவர்களுக்கும் இலக்கணமாக்கிவிடுகிறோம். பொறுத்தார் பூமியாள்வார் என்ற மொழி நம் நாவில் எப்போதும் தயாராக இருக்கிறது. இந்நோயிலோ, பொறுத்துக்கொள்ளும் ஆண்டுகள்தாம் எலும்பு இணைவதற்கு நாம் வழங்கும் ஆண்டுகள். இணைந்துவிட்ட முள்ளெலும்புகளை மருந்துகளால் மீண்டும் பிரிக்க இயலாது. வலியைச் சொல்லாமல் தாங்கிய இருபத்தைந்து வயது இளைஞனைப் பாராட்டுவதைவிட, மூன்று மாதத்துக்கு மேல் முதுகுவலி நீடிக்கும்போது மூட்டுவாத நிபுணரிடம் அவனை அழைத்துப் போவதே மேலான செயல்.

அற்புதக் கதைக்கு எடுத்துக்காட்டு நார்மன் கசின்ஸ். அமெரிக்க இதழாசிரியரான அவருக்கு 1964-இல் இந்நோய் என்று சொல்லப்பட்டது. அவர் மருத்துவமனையை விட்டு வெளியேறி விடுதி அறையில் தங்கி, பெரும் அளவில் வைட்டமின் சி ஏற்றிக்கொண்டு, மார்க்ஸ் சகோதரர்களின் நகைச்சுவைப் படங்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே தேறியதாக 1979-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதினார். சிரிப்பு சிறிது நேரமேனும் வலியை மறக்கடிக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவருக்கு இருந்தது உண்மையில் இந்நோய்தானா என்று மருத்துவர்கள் சிலர் பின்னாளில் ஐயம் எழுப்பினர். ஏனெனில் இந்நோய்க்கு ஏற்ற இறக்கங்கள் உண்டு; தணிந்திருக்கும் பருவங்களும் உண்டு; முற்றாக விட்டு விலகும் வழக்கம் மட்டும் இல்லை. அந்தத் தணிவுப் பருவத்தில் எதை உட்கொண்டிருந்தோமோ அதுவே அருமருந்து என்று தோன்றிவிடும். நம்மிடையே உலவும் தைலங்களின் புகழும் பத்தியங்களின் புகழும் பெரும்பாலும் இப்படி வளர்ந்தவைதாம். தைலத்தால் கேடில்லை என்று விட்டுவிடலாம். சுளுக்கெடுப்பதாகச் சொல்லி, இறுகிய முதுகையும் கழுத்தையும் முறுக்குவதை அப்படி விட முடியாது. இணைந்த முதுகெலும்பு எளிதில் முறியும்.

மூன்றாமவர் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக். ‘ரோபோ’ என்ற சொல்லை உலகுக்குத் தந்த நாடகத்தை எழுதியவர். ஏறத்தாழ இருபத்தொரு வயதிலேயே முதுகெலும்பு நோய் அவரைப் பற்றியது. அதன் காரணமாக முதல் உலகப்போரில் படைச்சேவைக்கு அவர் எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஆனாலும் அவர் இத்தாலி, இங்கிலாந்து, ஸ்பெயின் என்று பயணம் செய்தார். பிராகா நகரத்து வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் நண்பர்களைக் கூட்டி உரையாடினார். தோட்டம் போட்டார். 1929-இல் ‘தோட்டக்காரரின் ஆண்டு’ என்ற பொருள்படும் சிறிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதவாரியாகச் செல்லும் நகைச்சுவைப் புத்தகம் அது. குனிந்தே கிடக்கும் தோட்டக்காரரின் முதுகைப் பற்றிய கேலியும் அதில் உண்டு. யாருடைய முதுகு அந்தக் கேலியை எழுதியது என்று அறிந்து படிக்கும்போது அதன் சுவையே வேறு.

நன்றாக வாழ்தல் என்பதற்கு எனக்குக் கிடைத்த உருவகம் இதுவே. தோட்டத்தை யாரும் வெல்வதில்லை. ஒருநாள் முழுக்கப் பாடுபட்டுவிட்டு ஆறு மாதம் விட்டுவிட்டால் களை மண்டிவிடும். நாள்தோறும் சிறிது செய்ய வேண்டும். பருவம் பொய்த்தால் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும். இந்நோயாளியின் அன்றாடமும் அத்தகையதே. காலையில் முதுகையும் இடுப்பையும் நீட்டி மடக்கும் பயிற்சி. விலாமூட்டுகள் இறுகாதிருக்க ஆழ்ந்த மூச்சு. இயன்றால் நீச்சல். மணிக்கணக்கில் ஒரே இருக்கையில் அமராமை. புகையிலையை அறவே விடுதல், ஏனெனில் அது எலும்பு இணைவதை விரைவுபடுத்துகிறது. கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுதல், ஏனெனில் இதே நோய் கண்ணின் உள்ளேயும் அழற்சியாக வெளிப்படும்.

பயிற்சி மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. மருந்து இந்தத் தோட்டத்தின் நீர். அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகளே முதற்படி. அவை போதாதவர்களுக்கு 2003-ஆம் ஆண்டு முதல் உயிரியல் மருந்துகள் வந்துள்ளன. அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதங்களைத் தடுப்பவை அவை. படுக்கையில் கிடந்த பலரை அவை வேலைக்குத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. விலை அதிகம். அவற்றைத் தொடங்குமுன் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறதா என்று சோதித்தாக வேண்டும். நம் நாட்டில் இது வெறும் சம்பிரதாயம் அன்று. எச்.எல்.ஏ.-பி27 என்னும் மரபணுக் கூறு இருப்பதாலேயே அஞ்சவும் வேண்டாம். அதனைச் சுமப்பவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது.

வீரம் வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேண்டும்தான். ஆனால் அது வலியை மறைக்கும் வீரமாக இருக்க வேண்டியதில்லை. அலுவலகக் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றுகொள்ள அனுமதி கேட்பதற்கும், பெண் பார்க்கும் இடத்தில் நோயின் பெயரை மறைக்காமல் சொல்வதற்கும் கொஞ்சம் துணிவு தேவைப்படுகிறது. அந்தத் துணிவு ஒருவருக்கு எளிதாக வாய்ப்பது சுற்றியிருப்பவர்கள் அவரை நம்பும்போதுதான். ஆகவே நலமாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்நோயாளியிடம் ‘குணமாகிவிட்டதா’ என்று கேட்காதீர்கள். ‘இன்று காலை எப்படி இருந்தது’ என்று கேளுங்கள். அதற்கு அவரால் உண்மையான பதில் சொல்ல முடியும்.