காலுக்கு வெளிச்சம்

எங்கள் வீட்டிலிருந்து பசறை வீதிக்கு இறங்க 32 படிகள். மேலே உள்ள 11 படிகள் எங்கள் 7 பேர்ச்சஸ் காணிக்குள் வருகின்றன. மற்றவை தோட்டத்துப் பழைய படிகள். போன ஐப்பசியில் ஒரு மழை இரவு, அம்மா 12ஆவது படியில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் போனது. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அந்த வழிக்கு விளக்குப் போட்டிருந்தேன்.

பதுளை பஸாரில் வாங்கிய ஆறு சோலார் விளக்குகள். எங்கள் 11 படிக்குள் ஆறையும் நட்டு, பக்கத்து லயத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று ஆள் உயரக் கம்பியில் ஏற்றியிருந்தேன். பளீரென்ற வெள்ளை. "இவ்வளவு வெளிச்சத்துல எப்படிம்மா விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

"வெளக்கு நல்லாத்தான் தெரிஞ்சிச்சு தம்பி. படிதான் தெரியல."

வெளிவிளக்கைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்ததும் கேட்டதும் எல்லாம் இந்தப் பதிலுக்கு உரை எழுதியது போலத்தான். கண் மட்டத்தில் மூடியில்லாத பல்ப் எரிந்தால் கண்மணி சுருங்கிக்கொள்ளும். பிறகு இருட்டில் கால் வைக்கும்போது ஒன்றும் புலப்படாது. பனிமூட்டம் இறங்கினால் இன்னும் மோசம். வெள்ளை வெளிச்சம் மூட்டத்தில் பட்டுச் சுவர் மாதிரி எதிரே நிற்கும். அம்மா என் ஆறு விளக்கில் கண் கூசி, விளக்கு முடிந்த முதல் படியில் விழுந்திருக்கிறார்.

இதை யோசிக்கும்போது வைத்தியர் விஜய கொடகும்புர நினைவுக்கு வந்தார். குப்பி லாம்பு கவிழ்ந்து வெந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர். மார்மைட் போத்தலைப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. குள்ளமான, கனமான கண்ணாடிக் குப்பி. உருண்டு ஓடாதபடி இரண்டு பக்கம் தட்டை. எண்ணெய் கொட்டாதபடி திருகுமூடி. 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்ற அந்தச் 'சுதீப' விளக்கில் விசேஷம் வெளிச்சம் அல்ல. விளக்கு ஒருநாள் விழும் என்பதை முதலில் நினைத்துச் செய்திருக்கிறார். நான் ஆள் விழுவதைக்கூட நினைக்கவில்லை.

ஆகவே ஆறையும் பிடுங்கினேன். இப்போது விளக்குகள் முழங்காலுக்குக் கீழே, படியின் ஓரத்தில் நிற்கின்றன. பிவிசி குழாயைப் பிளந்து தலைக்கு மூடி போட்டிருக்கிறேன். வெளிச்சம் கீழே மட்டும் விழுகிறது. பக்கவாட்டிலிருந்து விழுவதால் ஒவ்வொரு படியின் விளிம்பும் ஒரு நிழல் கோடு போடுகிறது. கால் தேடுவது அந்தக் கோட்டைத்தான். வெள்ளையை மாற்றி மஞ்சள் போட்டதில் ஈசலும் குறைந்தது. ஈசலுக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு.

சோலாருக்கு எங்கள் ஊவாவில் ஒரு சிக்கல் உண்டு. ஆடிக் காற்றில் வெயில் காய்கிற காலத்தில் விடிய விடிய எரியும். ஐப்பசிக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை பிடித்தால் எட்டு மணிக்கே கண் மூடிவிடும். தகட்டைச் சவுக்கு மர நிழலிலிருந்து எடுத்துக் கூரையில் தெற்குப் பார்த்துச் சரித்து வைத்தேன். சரிவு இருந்தால் மழையே பாதி கழுவிவிடும். மிச்சப் பாசியை மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். விளக்கு மங்கினால் தூக்கி எறிய வேண்டியதில்லை, உள்ளே பற்றரியை மாற்றினால் போதும்.

வீட்டுக் கரண்டிலிருந்தே இழுக்கலாம் என்பவர்களுக்கு எங்கள் வயரிங் பாஸ் சொன்னதைச் சொல்கிறேன். 230 வோல்ட்டை மழையில் நனையும் படிக்குக் கொண்டுபோகாதே. 12 வோல்ட்டாகக் குறைத்துக் கொண்டுபோ. வயரைக் குழாய்க்குள் விடு, இல்லாவிட்டால் ஒருநாள் மண்வெட்டி தேடிப் பிடிக்கும். இணைப்பை டேப் சுற்றி மண்ணில் புதைக்காதே. ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் வெளி விளக்கே வேண்டாம்.

ஆனாலும் நான் சோலாரை விடவில்லை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. இதைவிடப் பெரிய காரணம் மழை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையை மண் மூடியதற்குப் பிறகு, மழை கனத்தால் பிள்ளைகளோடு கீழே இறங்கிவிட வேண்டும் என்று எல்லா லயத்துக்கும் தெரியும். அப்படிப்பட்ட இரவில் முதலில் போவது கரண்ட்தான்.

சரி, 12ஆவது படிக்குக் கீழே யார் விளக்குப் போடுவது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் சபைகள் தோட்டத்துப் பாதைகளுக்கு வராமல் இருந்தன. சபைக்கு வாக்குப் போட்டோம். வீதி விளக்கு தோட்டத்து எல்லையோடு நின்றது. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. 2024 ஏப்ரலில் இதே ஊவாவில், கரந்தகொல்லையில் மலைக்கு அடியில் 120 மெகாவாட் உமா ஓயா மின்நிலையம் திறந்தார்கள். எங்கள் தண்ணீரில் பிறக்கிற மின்சாரம் நாடெல்லாம் போகிறது. நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு இறங்கும் இந்தப் படிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பிடுங்கிய ஆறில் மூன்று விளக்கே எங்கள் படிகளுக்குப் போதுமாக இருந்தது. மற்ற மூன்றை 12ஆவது படியிலும், பீலிக்கரைத் திருப்பத்திலும், வீதியைத் தொடும் கடைசிப் படியிலும் நட்டேன். என் காணி இல்லைதான். மறுநாள் மேல் லயத்துப் பிள்ளை ஒன்று, பதுளையில் டியூஷன் முடிந்து வரும்போது நின்று கேட்டது: "அண்ணே, இது எரியாட்டி யார்கிட்ட சொல்லணும்? தோட்டத்து ஆபீஸ்லயா, சபையிலயா?"

இரண்டு இடத்துக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை என்னிடமே சொல்லச் சொன்னேன்.