ஓரெய் என்றால் ஓரியோ பிஸ்கட் இல்லை

போன வருஷம் ஜூலை கடைசியில் ஒரு நாள், ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரே அழுகை. சித்தியின் சின்னப் பையன், நாலு வயது, பாயில் உட்கார்ந்துகொண்டு "ஓரெய்... ஓரெய்..." என்று கத்துகிறான். சித்தி, சித்தப்பா, பெரிய பெண் மூன்று பேரும் காரைக்காலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பஸ்ஸில் வாந்தி எடுப்பான் என்று இவனை மட்டும் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆயா லைட்டைப் போட்டு, "இன்னாடா ராஜா, இன்னா வேணும்?" என்று கேட்க, அவன் மறுபடியும் "ஓரெய்". ஆயாவுக்குப் புரிந்துவிட்டது. ஓரியோ பிஸ்கட் கேட்கிறான்! டப்பாவைத் திறந்து ரெண்டு எடுத்துக் கையில் கொடுத்தார். அவன் அதைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னும் சத்தமாக அழுதான். பால் கொடுத்தோம். ஃபேனைக் கூட்டினோம், குறைத்தோம். சித்திக்கு போன் போட்டோம், எடுக்கவில்லை (கல்யாண வீட்டில் எங்கே கேட்கப் போகிறது). கடைசியில் ஆயா தோளில் போட்டுக்கொண்டு விடியவிடிய நடந்தார்.

காலையில் சித்தி போனில் சொன்னபிறகுதான் தெரிந்தது, ஓரெய் என்றால் பிரெஞ்சில் காது. பிள்ளைக்குக் காதுவலி. டாக்டர் பார்த்துவிட்டு உள்ளே நன்றாகச் சிவந்து வீங்கியிருக்கிறது என்றார்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தவன். தொண்ணூறுக்கு மேல் மார்க் வாங்கியவன். அழுகிற நாலு வயதுப் பிள்ளையின் பிரெஞ்சு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை :)

இதை ஒரு தமாஷாக நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் மறுநாள் வீட்டில் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள், பிள்ளையைப் பார்த்தார்கள், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "பெத்த புள்ளைக்குத் தமிழ் சொல்லித்தர நேரமில்லையா?" "பிரான்ஸ் போனா எல்லாம் மறந்துடுமா?" சித்தப்பாவைப் பார்த்து ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாம் சித்தியைப் பார்த்துத்தான். சித்தி ஒரு வார்த்தை பதில் பேசவில்லை, சமையல்கட்டுக்குள் போய்விட்டார். அந்தக் கேள்வி நியாயமானதுதானா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. பாண்டிச்சேரியில் "பிரெஞ்சு நேஷனாலிட்டி" என்று ஒரு சாதி இருக்கிறது என்றே சொல்லலாம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஊர் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள் (நம்ம ஊர் பாஷையில் 'சொல்தா'), அரசாங்க வேலையில் இருந்தவர்கள் என்று கொஞ்சம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று பாரிஸைச் சுற்றி வாழ்கிறார்கள். சித்தப்பா அப்படி ஒரு சொல்தா வீட்டுப் பேரன். சித்தி இங்கே பிறந்து, இங்கே படித்து, கல்யாணமாகி அங்கே போனவர். பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் வரதட்சணை ரேட்டே வேறு, அது தனிக் கதை, இன்னொரு நாள் திட்டிக்கொள்ளலாம்.

அவர்கள் இருப்பது சார்செல் என்ற ஊர், பாரிஸுக்கு வடக்கே. வரிசையாக அடுக்குமாடிக் கட்டடங்கள். சித்தி சொன்ன ஒரு நாளை அப்படியே எழுதுகிறேன். டிசம்பர் மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்தால் வெளியே நள்ளிரவு மாதிரி இருட்டு. சித்தப்பாவுக்கு விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை, பாதி நாள் அவர் தூங்குவார் அல்லது இருக்கமாட்டார். ரெண்டு பிள்ளைகளுக்கும் உள் சட்டை, ஸ்வெட்டர், மேலே கோட்டு, தொப்பி, கையுறை. எல்லாம் மாட்டி முடித்ததும் சின்னவன் பாத்ரூம் வருகிறது என்பான். எட்டரைக்குள் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு ரயில் பிடித்து வேலைக்குப் போகவேண்டும். சாயங்காலம் திரும்பி வரும்போதும் இருட்டு. சமையல், குளியல், பெரியவளுக்கு வீட்டுப்பாடம். எட்டரைக்கு ரெண்டு பேரும் தூங்கியாக வேண்டும். கணக்குப் போட்டால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசக் கிடைப்பது ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் "சாப்பிடு", "பல்லு தேய்", "அவள அடிக்காதே", "தூங்கு" இவ்வளவுதான் தமிழ். இது தமிழ்தான், ஆனால் இதில் காது எங்கே வரும்?

மற்ற நேரமெல்லாம் பிரெஞ்சு. அந்த நாட்டில் மூன்று வயதிலேயே பள்ளிக்கூடம். 'மத்தெர்னெல்' என்பார்கள், மூன்று வருஷம். முன்பு ஆறு வயதில்தான் கட்டாயக் கல்வி தொடங்கியது, 2019-இலிருந்து மூன்று வயதாக்கிவிட்டார்கள். பிள்ளைகள் தூங்கும்போது கட்டிக்கொள்ள ஒரு துணி பொம்மையைக்கூட ('துது' என்று பெயர்) எடுத்துக்கொண்டு போகலாம். மதியம் பள்ளிச் சாப்பாடு, சாப்பிட்டதும் சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்கம். விழுந்தால் தூக்குகிறவர், மூக்கைத் துடைத்துவிடுகிறவர், பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர் எல்லாருமே பிரெஞ்சில்தான் பேசுகிறார்கள். கை, கால், காது, வயிறு எல்லாம் முதலில் அங்கேதான் வலிக்கிறது!

நியாயமாகச் சொல்லவேண்டும், அந்த ஏற்பாடுகளைக் கேட்டு எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அரசுப் பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ் கிடையாது. பிள்ளை பிறந்ததும் ஒரு உடல்நலப் புத்தகம் கொடுத்து ஊசியிலிருந்து எடைவரை எல்லாம் எழுதுகிறார்கள். இரண்டாவது பிள்ளையிலிருந்து மாதாமாதம் குடும்பப் படி வருகிறது. 2021-இலிருந்து அப்பாவுக்கே 28 நாள் விடுப்பு. இல்லாதது ஒன்றுதான், ஒரு ஆயா. விசா வாங்கி ஆயா போனால் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். ஒருமுறை போனார். பனியைப் பார்த்துவிட்டு, "அந்த ஊர்ல தெருவுல ஒரு சத்தம் இல்லடா" என்று ரெண்டு மாதத்திலேயே திரும்பிவிட்டார்.

பெரியவளுக்கு இப்போது ஒன்பது வயது. மூன்று வயது வரை கிளி மாதிரி தமிழ் பேசுவாள், அந்த வீடியோக்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன. அப்போது சித்தி வேலைக்குப் போகவில்லை. அவள் பள்ளிக்கூடம் போன முதல் ஆறு மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லையாம். டீச்சர் கூப்பிட்டு, "வீட்டிலும் பிரெஞ்சே பேசுங்கள், பிள்ளை குழம்புகிறது" என்று சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் தவறு. ரெண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளைக்குப் புது மொழியில் பேச்சு வரக் கொஞ்ச நாள் ஆகலாம், அதனால் மூளை குழம்பிவிடாது என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். அன்னிய தேசத்தில், மொழி அரைகுறையாகத் தெரிந்த ஒரு அம்மா, டீச்சர் சொன்னால் என்ன செய்வார்? பயந்துபோய் தன்னுடைய உடைந்த பிரெஞ்சில் பெண்ணிடம் பேச ஆரம்பித்தார். பெண் ஒரு வருஷத்தில் அம்மாவையே திருத்தும் அளவுக்குப் பிரெஞ்சு பேசினாள். அப்புறம் தம்பி பிறந்தான். அக்கா தம்பியோடு பேசுவது பிரெஞ்சு. வீட்டுக்குள் தமிழ் தோற்ற இடம் அது, அக்காவும் தம்பியும் விளையாடுகிற அந்த மூலை. அதில் சித்தியின் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

பாரிஸில் ஈழத் தமிழர்கள் 'தமிழ்ச்சோலை' என்று வார இறுதிப் பள்ளிகள் நடத்துகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் நன்றாக எழுதப் படிக்கிறார்கள் என்று சித்தியே சொல்வார். பாண்டிச்சேரிக்காரர்களும் சங்கம் வைத்து வகுப்பு நடத்தாமல் இல்லை. ஆனால் அந்த அளவுக்கு வேகம் இல்லை. ஏன்? என் ஊகம் இது: ஈழத்திலிருந்து போனவர்கள் திரும்ப வீடு இருக்குமா என்று தெரியாமல் போனவர்கள். மொழியையாவது தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. நம் ஆட்கள் நெல்லித்தோப்பு வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு போனவர்கள். ஜூலையில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும், ஆயா இருக்கிறார், ஊர் இருக்கிறது என்று ஒரு தைரியம். அந்தத் தைரியம்தான் நம்மைக் கவிழ்க்கிறது.

ரியூனியன் தீவைப் பாருங்கள். 1848-இல் அடிமை முறை ஒழிந்தபிறகு கரும்புத் தோட்டத்துக்குப் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகப் போனவர்களின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். கோயில் இருக்கிறது, தீமிதி இருக்கிறது, காவடி இருக்கிறது. வீட்டில் பேசுவது கிரெயோல். போனும் விமானமும் இல்லாத காலம், ஒப்பந்தக் கூலிகள், அவர்களைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் சாமியைக் காப்பாற்றியவர்களாலும் பேச்சைக் காப்பாற்ற முடியவில்லை என்பது யோசிக்கவேண்டிய விஷயம். சாமிக்கு வருஷத்துக்கு ஒரு திருவிழா போதும். பேச்சுக்குத் தினமும் ஆள் வேண்டும்.

சரி, அங்கே இருப்பவர்களை விடுங்கள். கேள்வி கேட்ட நம் சொந்தக்காரர்கள் வீட்டில் என்ன நடக்கிறது? எல்.கே.ஜி. போகிற பிள்ளையிடம் "ஆப்பிள் சாப்பிடு, ஹேண்ட் வாஷ் பண்ணு, அங்க பாரு டாக்" என்றுதான் பேசுகிறார்கள். நானே மார்க்குக்காகத் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தவன்தானே? நான் தமிழ் படிக்கக் கற்றது ஆயா வாங்கும் தினத்தந்தியில், எழுத்துக்கூட்டி. இன்றும் ற, ர சந்தேகம் வந்தால் ஆயாவைத்தான் கேட்பேன். இதே ஊரில், தமிழ் சினிமா போஸ்டருக்கு நடுவில் வளர்ந்த எனக்கே இந்தக் கதி. சார்செலில் பிறந்தவனுக்குக் காது என்ற வார்த்தை தெரியவில்லை என்று அவன் அம்மாவை அழவைக்க நமக்கு என்ன யோக்கியதை?

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது எங்கள் வீட்டிலேயே நடக்கிற தப்பு. இங்கே ராத்திரி ஒன்பது மணி என்றால் பனிக்காலத்தில் அங்கே சாயங்காலம் நாலரை. வேலை சீக்கிரம் முடிகிற நாளில் பள்ளிவிட்டு வந்ததும் சித்தி வீடியோவில் கூப்பிடுவார். பிள்ளை பசியும் களைப்புமாக இருக்கும். நாம் என்ன செய்கிறோம்? போனைச் சுற்றி எட்டு பேர் உட்கார்ந்துகொண்டு, "தமிழ்ல சொல்லு பாப்பா, வணக்கம் சொல்லு, நான் யாரு சொல்லு" என்று பரீட்சை வைக்கிறோம். அவள் தப்பாகச் சொன்னால் சிரிக்கிறோம். ஒருமுறை அவள் "தண்ணி சாப்பிட்டேன்" என்று சொன்னதற்கு "சாப்பிட்டேன் இல்ல, குடிச்சேன்" என்று திருத்தினோம். நம்மில் பாதிப் பேர் காபி சாப்பிடுகிறவர்கள்தான்! அதற்கப்புறம் அவள் கேமரா முன்னால் வருவதே இல்லை. கட்டிலுக்குக் கீழே ஒளிந்துகொள்கிறாள். இதற்கும் சித்திதான் காரணமா?

என் யோசனை சின்னதுதான். பரீட்சை வேண்டாம். ஆயா கீரை ஆய்வதைக் காட்டட்டும், பூனை குட்டி போட்டதைக் காட்டட்டும், பேசட்டும். பிள்ளை பிரெஞ்சில் பதில் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், காதிலாவது தமிழ் விழும். புரிந்துகொள்கிற பிள்ளை ஒரு நாள் பேசலாம். புரியாத பிள்ளை இருபது வயதில் பாரிஸில் காசு கட்டி வகுப்பில் உட்கார்ந்து அ, ஆ கற்றுக்கொள்ளவேண்டியதுதான். அப்படிக் கற்றுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த ஜூலையிலும் அவர்கள் வருகிறார்கள். டிக்கெட் போட்டாகிவிட்டது. நான் சொன்னது ஒன்றையும் சொந்தக்காரர்கள் கேட்கவில்லை, "நீ சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்" என்றுவிட்டார்கள். ஆயா மட்டும் ஒரு வேலை செய்திருக்கிறார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, காதுக்கு என்ன, வயிற்றுக்கு என்ன, பல்லுக்கு என்ன, தலைக்கு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பழைய தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் தமிழ் எழுத்திலேயே எழுதி, பாத்திர ஷெல்ஃபுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். ஓரெய் - காது. வாந்த்ரு - வயிறு. தான் - பல்லு. 'தெத்' என்று நான் சொன்னதை மட்டும் நம்பவே இல்லை. "தலைக்கு இப்புடி ஒரு பேரா வைப்பாங்க? நீ சரியாப் படிச்சியா?" என்று கேட்டார். சித்தியிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் எழுதினார்.