அமெரிக்க வலதுசாரியின் செய்திக் குறை

அமெரிக்கச் செய்திகளில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று நம் சங்கத்து அன்பர்கள் மூவர் இம்மாதம் கேட்டிருக்கிறார்கள். மூவருடைய மக்களும் அந்நாட்டில் உத்தியோகத்தில் இருப்பவர்கள். அவர்களுள் ஒருவருடைய மகன் ஃபாக்ஸ் டெலிவிஷன் சொல்வதையே வேதமாகக் கொள்கிறானாம்; மருமகளோ அந்நிலையத்தின் பெயரைக் காதால் கேட்கவும் சம்மதியாளாம். ஞாயிறுதோறும் தொலைபேசியில் இருவரும் தனித்தனியே செய்தி சொல்ல, தந்தையார் இங்கே நாக்பூரில் அமர்ந்து இருபுறமும் தலையசைத்துக்கொண்டிருக்கிறார்.

மகனுடைய கட்சியை இம்முறை சற்று விரிவாகப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். ஏனெனில் நமது பத்திரிகைகளில் அமெரிக்க வலதுசாரிகளைப் பற்றி ஏராளமாக வருகிறது. அவர்கள் தம் நாட்டுப் பத்திரிகைகள்மீது ஏன் இவ்வளவு சினம் கொண்டிருக்கிறார்கள் என்ற காரணம் மட்டும் வருவதில்லை. டிரம்ப் வந்த பிறகு பிறந்த சினம் என்று பலரும் கருதுகிறார்கள். அது அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட பழங்கணக்கு.

1964ஆம் ஆண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்றவர் பாரி கோல்ட்வாட்டர். அமெரிக்க வலதுசாரிகளின் இன்றைய கொள்கைகளுக்கு அவரை ஒரு மூலபுருஷர் என்றே சொல்லலாம். 'ஃபேக்ட்' என்றொரு பத்திரிகை அப்போது 12,356 மனநோய் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, இவர் ஜனாதிபதி பதவி வகிக்க மனத்தளவில் தகுதியுடையவர்தாமா என்று வினவியது. 2,417 பேர் விடை எழுதினர்; அவர்களில் 1,189 பேர் தகுதியற்றவர் என்றனர். அந்த எண்ணைத்தான் பத்திரிகை கொட்டை எழுத்தில் வெளியிட்டது. விடை எழுதாத சுமார் பதினாயிரம் பேரைப் பற்றி அட்டையில் பேச்சில்லை. அவரைப் பரிசோதித்து விடை எழுதியவர்களும் அல்லர் இவர்கள். கோல்ட்வாட்டர் தேர்தலில் படுதோல்வி அடைந்தார். ஆனால் வழக்குத் தொடுத்து, 1968இல் எழுபத்தையாயிரம் டாலர் தண்டத்தொகை பெற்றார். தாம் நேரில் பரிசோதிக்காத பொது வாழ்வினரைப் பற்றி மருத்துவர் அபிப்பிராயம் சொல்லலாகாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் விதி செய்தது. அதற்குக் கோல்ட்வாட்டர் விதி என்றே பெயர். வலதுசாரிகள் இதை மறக்கவில்லை. மறக்கவேண்டிய காரணமும் இல்லை என்பது என் எண்ணம்.

அடுத்து, 1969 நவம்பர் 13ஆம் தேதி அயோவா மாநிலத்து டெமாயின் நகரில் துணை ஜனாதிபதி ஸ்பிரோ ஆக்னியூ ஒரு பிரசங்கம் செய்தார். அதற்குப் பத்து நாள் முன்பு ஜனாதிபதி நிக்ஸன் வியட்நாம் யுத்தம் குறித்து டெலிவிஷனில் பேசியிருந்தார். அவர் பேசி முடித்த மறுகணமே விமரிசகர்கள் வரிசையாக அமர்ந்து அப்பேச்சை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டார்கள். ஆக்னியூவின் கேள்வி இதுதான்: மக்கள் என்ன காணவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் மூன்று நிறுவனங்களைச் சேர்ந்த சிலரே, அவர்கள் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் வசித்து, ஒரே விதமான பத்திரிகைகளைப் படித்து, தமக்குள்ளேயே பேசிக்கொள்பவர்கள், இவர்களைத் தேர்ந்தெடுத்தவர் யார்? வேடிக்கை என்னவென்றால், அவர் குறைகூறிய அந்த மூன்று நிறுவனங்களுமே அப்பிரசங்கத்தை நேராக ஒளிபரப்பின. பிற்பாடு 1973இல் வருமானவரிக் குற்றத்தில் அகப்பட்டு ஆக்னியூ பதவி துறந்தார். ஆள் கறைபட்டவர் என்பதனால் அவர் கேட்ட கேள்வி தள்ளுபடியாகிவிடாது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2020 அக்டோபரில், தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில், 'நியூயார்க் போஸ்ட்' பத்திரிகை, பைடனின் மகன் ஹன்டர் விட்டுச்சென்ற மடிக்கணினியிலிருந்து எடுத்தவை என்று சில கடிதங்களை வெளியிட்டது. ட்விட்டர் நிறுவனம் அச்செய்தியை யாரும் பகிரவொட்டாமல் தடுத்தது. இது ரஷ்யாவின் கைவேலை போல் தோன்றுகிறது என்று ஒற்றுத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற 51 பேர் கையொப்பமிட்டு அறிக்கை விடுத்தார்கள். தம்மிடம் அதற்குச் சான்று இல்லை என்று அவ்வறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். அந்த வாக்கியத்தை எத்தனை பேர் படித்தார்கள்? 2022 மார்ச்சில் 'நியூயார்க் டைம்ஸ்', அக்கடிதங்களிற் பலவற்றை உண்மையானவை என்று தான் உறுதி செய்துகொண்டதாக எழுதிற்று. தேர்தல் முடிந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது.

பைடனின் மூப்புப் பற்றிய செய்தியும் அவ்வாறே. வலதுசாரிப் பத்திரிகைகள் நெடுநாளாகச் சொல்லிவந்ததை மற்றவர்கள் வம்பு என்று ஒதுக்கினார்கள். 2024 ஜூன் 27ஆம் தேதி அட்லாண்டாவில் நடந்த வாதப்போரில் நாடே அதைக் கண்ணாரக் கண்டது. ஜூலை 21இல் அவர் போட்டியிலிருந்து விலகினார். மகன் சொல்வதில் நியாயம் உண்டு என்று நம் அன்பருக்கு நான் தைரியமாகச் சொல்வேன்.

ஆயினும் கதை இங்கே முடியவில்லை.

1949 முதல் அமெரிக்காவில் ஒரு விதி இருந்தது. வானொலி, டெலிவிஷன் நிலையங்கள் பொதுவிவகாரங்களை ஒளிபரப்பும்போது மாறுபட்ட கருத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்பது அது. 1987இல் காங்கிரஸ் அதனைச் சட்டமாக்க முயன்றது; ஜனாதிபதி ரீகன் மறுப்பாணை போட்டார்; ஆகஸ்டு மாதம் விதியே ஒழிந்தது. எதைப் பேசவேண்டும் என்று சர்க்கார் கட்டளையிடலாகாது என்பது ரீகன் கட்சியாரின் வாதம். அது கொள்கையளவில் சரியானதே. ஆனால் வலதுசாரிகளுள்ளேயே ஃபிலிஸ் ஷ்லாஃப்லி அம்மையார் போன்றோர் அவ்விதி இருக்கட்டும் என்றனர். தம் கட்சிக்காரருக்குப் பேச இடங்கிடைக்க அது ஒன்றே வழி என அஞ்சினர். அச்சம் வீணாயிற்று. மறு ஆண்டே ரஷ் லிம்பா என்பவரின் வானொலிப் பேச்சு நாடெங்கும் பரவிற்று. 1996 அக்டோபரில் ரூபர்ட் மர்டாக்கின் ஃபாக்ஸ் நிலையம் தோன்றிற்று. பல்லாண்டாகத் தம் குரலைக் கேளாதிருந்த கோடிக்கணக்கான மக்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

2020 நவம்பர் 3ஆம் தேதி இரவு, அரிஸோனா மாநிலத்தில் பைடன் வென்றார் என்று மற்றெல்லோருக்கும் முன்பாக அறிவித்தது அந்த ஃபாக்ஸ் நிலையமே. கணக்கும் சரியாகத்தான் இருந்தது. இறுதி வித்தியாசம் 10,457 வாக்குகள். அதற்கு அந்நிலையத்தார் பெற்ற பரிசு, தம் நேயர்களின் வசவு. பலர் வேறு நிலையத்துக்கு மாறலாயினர். அதன் பின்னரே, டொமினியன் என்ற நிறுவனத்தின் வாக்கு இயந்திரங்கள் வாக்குகளைத் திருப்பிவிட்டன என்ற பேச்சு அந்நிலையத்தில் இடம்பெற்றது. நிறுவனம் வழக்காடியது. நிலையத்தின் பிரமுகர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள் கோர்ட்டில் வெளிப்பட்டபோது, அவர்களிற் பலர் அப்பேச்சைச் சிறிதும் நம்பவில்லை என்பதும், நேயர்கள் போய்விடுவார்களே என்று நடுங்கினார்கள் என்பதும் தெரியவந்தன. 2023 ஏப்ரல் 18ஆம் தேதி 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் சரக்கு ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையைப் பிரித்துப் பாராமல் ஏற்றுக்கொண்டால், ரசீதில் 'இன்னது இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்று எழுதிவிடுவோம். உள்ளே கோதுமையோ உமியோ, பொறுப்பு எங்களுடையதன்று. பத்திரிகைகளிற் பாதிக்கு இக்குறிப்பு எழுதவேண்டும். ஆனால் உமி என்று தெரிந்தே கோதுமை என்று ரசீது எழுதுவது வேறு விஷயம். எங்கள் இலாகாவில் அதற்கு வேலை போய்விடும். நியூயார்க் பத்திரிகைகள் மடிக்கணினி மூட்டையைப் பிரிக்க மறுத்தன. ஃபாக்ஸ் நிலையத்தார் தம் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டும் மாற்றி எழுதினார்கள். முன்னது சோம்பலும் பட்சபாதமும். பின்னது வாடிக்கைக்காரனிடம் பயம். இரண்டாவதையே நான் பெரிய குற்றமாகக் கருதுகிறேன்.

காலப் எனும் கணிப்பு நிறுவனத்தார் செய்தித்துறையில் நம்பிக்கை உண்டா என்று நெடுங்காலமாக மக்களைக் கேட்டுவருகிறார்கள். 1976இல் நூற்றுக்கு 72 பேர் உண்டு என்றனர். 2025இல் 28 பேர். குடியரசுக் கட்சியாரை மட்டும் எடுத்தால் எட்டே பேர்.

இனி, வலதுசாரிகள் எல்லோரும் ஒரே குரலில் பேசுபவர்கள் என்று மருமகள் எண்ணினால் அதுவும் தவறு. 2016 ஜனவரியில் டிரம்பை எதிர்த்துத் தனி இதழே வெளியிட்டது, அக்கொள்கையின் பழம்பெரும் ஏடாகிய 'நேஷனல் ரிவ்யூ'. 2025 செப்டம்பரில், வலதுசாரி இளைஞர் தலைவர் சார்லி கிர்க் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து ஜிம்மி கிம்மல் என்ற விகடக்காரர் பேசிய பேச்சுக்காக, ஒளிபரப்பு ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார் அந்நிலையத்தாரைப் பகிரங்கமாக மிரட்டினார். கிம்மலின் நிகழ்ச்சி சில நாள் நின்றுபோயிற்று. அப்போது எதிர்த்துப் பேசியவர்களுள் ஒருவர் டெக்ஸாஸ் செனட்டர் டெட் குரூஸ், டிரம்பின் கட்சிக்காரர், கிம்மலின் பேச்சையும் வெறுத்தவர். இன்று நாம் பிடிக்கும் இந்தத் தடியை நாளை எதிர்க்கட்சி நம்மேல் வீசும் என்பது அவர் சொன்னதன் சாரம். 1987இல் ரீகன் நின்ற இடத்தில் அன்று நின்றவர் குரூஸ்தான், கார் அல்லர்.

நமக்கு நேரே சம்பந்தப்பட்ட விஷயத்திலும் அவர்கள் இரண்டு பட்டிருக்கிறார்கள். 2024 டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை அறிவுத்துறை ஆலோசகராக டிரம்ப் நியமித்தபோது, அவருடைய ஆதரவாளர்களிலேயே ஒரு சாரார் இந்தியர் வருகையை எதிர்த்துக் கூச்சலிட்டனர். ஈலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் மறுபக்கம் நின்று வாதாடினர். எச்-1பி அனுமதி நல்லதே என்று அப்போது டிரம்பும் சொன்னார். 2025 செப்டம்பர் 19ஆம் தேதி அதே அனுமதிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்து ஆணையிட்டவரும் அவரே.

அன்றிரவு நம் குடும்பங்களில் எத்தனை பேர் உறங்கினார்கள்? விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளைகள் உடனே திரும்பவேண்டும் என்று பல கம்பெனிகள் அறிவித்தன. விமான டிக்கெட்டுகளின் விலை ஏறிற்று. எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர், தங்கையின் கல்யாணத்துக்கு வந்த மகனை முகூர்த்தத்துக்கு முன்பே அனுப்பிவிட்டார். பழி பத்திரிகைகள்மீது மட்டும் போடத்தக்கதன்று. கட்டணம் ஆண்டுதோறும் உண்டு என்று வர்த்தக மந்திரி லட்னிக்கே நிருபர்களிடம் சொல்லியிருந்தார். மறுநாள் வெள்ளை மாளிகை, கட்டணம் ஒரே முறைதான், புதிய விண்ணப்பங்களுக்கு மட்டுமே, அனுமதி பெற்று வெளியூர் சென்றிருப்பவர்களுக்கு இல்லை என்று விளக்கிற்று. அவ்விளக்கம் வந்தபோது நண்பரின் மகன் நடுவழியில் ஏதோவொரு விமானநிலையத்தில் காத்துக்கொண்டிருந்தான். தாலி கட்டும் வேளையைக் கைப்பேசியில்தான் கண்டானாம்.